பத்மினிக்கு ஒப்பாரி, மாருதிக்குப் பங்கார்வாலாவா?

டிஸ்கி: பியட் கார் பிரியர்கள் ரத்தக்கொதிப்பு மாத்திரையைப் போட்டுக்கொண்டு மேலே படிக்கவும். வீட்டுக்கு ஆட்டோ அனுப்ப நினைக்கும் தென்மும்பை அன்பர்கள் கவனிக்க: சயனுக்குத் தெற்கே ஆட்டோவுக்கு அனுமதி கிடையாது :-)

2023 அக்டோபர் 30-லிருந்து மும்பை ரோட்டில் பிரீமியர் பத்மினி டாக்சி ஓடுவதில்லை. கடைசி பத்மினி டாக்சி தாட்தேவ் ஆர்.டி.ஓ.வில் பதிவானது 2003 அக்டோபர் 29-ம் தேதி. டாக்சிக்கு ஆயுள் 20 வருஷம் என்று விதி. கணக்கு முடிந்தது, வண்டியும் முடிந்தது. அதற்கு ஒன்றரை மாதம் முன்னால்தான் பெஸ்ட்டின் பழைய டீசல் மாடி பஸ்ஸும் போயிருந்தது. ரெண்டு சாவு அடுத்தடுத்து விழுந்த வீடு மாதிரி ஊர் ஒப்பாரி வைத்தது. பத்திரிகையில் பக்கம் பக்கமாக, வாட்ஸ்அப்பில் படம் படமாக. நம்ம மாதுங்கா, செம்பூர், தாராவி, காட்கோபர் தமிழ் ஆட்கள் குழுக்களில் கேட்கவே வேண்டாம். அன்றைக்கு ஏற்றிய கொசுவத்தி இன்னும் அணையவில்லை. ஒவ்வொரு அக்டோபரிலும் அதே படங்கள் சுற்றிக்கொண்டு வருகின்றன.

இதே ஆட்களைக் கேட்கிறேன். மாருதி 800 தயாரிப்பு நின்றது எந்தத் தேதி? ஒருத்தருக்கும் தெரியாது. 2014 ஜனவரி 18. அந்த வருஷம் மே மாதம் அம்பாசடர் நின்றது. அம்பாசடருக்கும் சென்னையிலும் கல்கத்தாவிலும் அழுது தீர்த்தார்கள். நடுவில் செத்த 800-க்கு ஒரு சொட்டுக் கண்ணீர் கிடையாது.

போன மாதம் குழுவில் இதைச் சொன்னேன். செம்பூரில் இருக்கும் அண்ணாச்சி ஒருத்தர் உடனே பாய்ந்தார். "தம்பி, மாருதியெல்லாம் ஒரு காரா? அது தகர டப்பா. பியட்டுதான் கார், இரும்புல்லா!" என்றார். அண்ணாச்சிக்குக் கைதட்டி முப்பது பேர் கட்டைவிரல் தூக்கினார்கள். அந்த முப்பது பேரில் பாதிப் பேர் கார் ஓட்டப் பழகியது 800-ல்தான் என்று எனக்குத் தெரியும். அவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு.

முதலில் அளவைப் பார்த்துவிடலாம். பத்மினி நீளம் கிட்டத்தட்ட 3.9 மீட்டர், 800-ன் நீளம் 3.3 மீட்டர். இரண்டு அடி வித்தியாசம். அகலத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது. பத்மினிக்கு 1089 சி.சி., நாலு சிலிண்டர், பின்சக்கரம் இழுக்கும். 800-க்கு 796 சி.சி., மூணு சிலிண்டர், முன்சக்கரம் இழுக்கும். குதிரைத் திறன் இரண்டுக்கும் நாற்பதை ஒட்டித்தான். ஆனால் பத்மினியின் எடை சுமார் 900 கிலோ, 800-க்கு சுமார் 650. அதே நாற்பது குதிரை, சுமக்கிற மூட்டையில் 250 கிலோ குறைவு. அசல்பா மேட்டில் நாலு பேரை ஏற்றிக்கொண்டு ரெண்டு வண்டியிலும் போனவனுக்கு அந்த 250 கிலோ என்னவென்று தெரியும். பெட்ரோல் பங்க்கில் இன்னும் நன்றாகத் தெரியும்.

அந்த இரண்டு அடி நீளத்தையும் லேசாக நினைக்காதீர்கள். காட்கோபரில் வண்டி வாங்குவது கஷ்டமில்லை, நிறுத்துவதுதான் கஷ்டம். எங்கள் சொசைட்டியில் படிக்கட்டுக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவில் ஓர் இடம் இருக்கிறது. 800 நிற்கும். வேறெதுவும் நிற்காது. இருபது வருஷமாக அந்த இடம் எனக்கு மட்டும் சொந்தம் மாதிரி இருப்பதற்கு ஒரே காரணம் அதுதான்.

இப்போது பிறப்பு. பத்மினி என்றதும் நம்மவர்களுக்கு நாட்டியப் பேரொளி ஞாபகம் வரும். பெயர் வைத்தவர்கள் நினைத்ததோ சித்தூர் ராணி பத்மினியை. ஆனால் வண்டி ராஜபுதனமும் இல்லை, திருவிதாங்கூரும் இல்லை, இத்தாலி. 1953-ல் வந்த பியட் 1100-ன் வாரிசு. 1100டி என்ற மாடலை 1960-களின் நடுவில் குர்லாவில் செய்ய ஆரம்பித்து, டிலைட் என்று பெயர் வைத்தார்கள். பிறகு பிரசிடெண்ட், 1974-லிருந்து பத்மினி. இத்தாலிக்காரன் 1966-லேயே 1100டி-யை நிறுத்திவிட்டான். நாம் இந்த நூற்றாண்டு பிறக்கும் வரை அதையே பிடித்துக்கொண்டிருந்தோம்.

செய்த இடம் நம்ம பக்கத்து வீடு. வால்சந்த் ஹீராசந்த் 1944-ல் ஆரம்பித்த பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ். காட்கோபரிலிருந்து எல்.பி.எஸ். மார்க்கில் தெற்கே போனால் வித்யாவிஹார் தாண்டியதும் குர்லா, அங்கேதான் தொழிற்சாலை. முதலில் கிரைஸ்லர் கம்பெனியோடு சேர்ந்து டாட்ஜ், பிளிமத் என்று அமெரிக்கக் கப்பல்களைப் பூட்டினார்கள், பிறகு பியட். இன்றைக்கு அங்கே போனால் கோஹினூர் சிட்டி என்ற அடுக்குமாடிகளும் அலுவலகங்களும்தான். பிரீமியர் ரோடு என்ற பெயர் மட்டும் மிச்சம். ஆட்டோக்காரர் அந்தப் பெயரைச் சொல்கிறார், ஏன் அந்தப் பெயர் என்று அவருக்கே தெரிவதில்லை.

நான் பத்மினிக்கு விரோதி இல்லை. அதற்குச் சேர வேண்டியதைச் சேர்த்துவிடுகிறேன். 1990-களில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இங்கே வந்தவன் நான். ஊருக்குப் போவதென்றால் அப்போது எங்களுக்கு வி.டி., தாதர், குர்லா டெர்மினஸ் என்று மூணு வாசல். குர்லா டெர்மினஸுக்கு ஆட்டோவில் போய்விடலாம். வி.டி.யிலிருந்தோ தாதரிலிருந்தோ ரயில் என்றால் ஆட்டோ சயனோடு நின்றுவிடும். ஆகவே காட்கோபரிலிருந்தே காலி பீலி. தலைக்கு மேல் கேரியர். அதில் ரெண்டு இரும்புப் பெட்டி, ஒரு ஹோல்டால், அக்கா குழந்தைக்கு வாங்கின மூணு சக்கர சைக்கிள், எல்லாவற்றையும் கயிறு போட்டுக் கட்டுவார் டிரைவர். கட்டுகிற கட்டில் ஒரு கணித சாஸ்திரம் இருக்கும். திரும்பி வரும்போது அதே கேரியரில் புளி, கருப்பட்டி, வத்தல், தேங்காய் மூட்டை. கியர் ஸ்டியரிங் கம்பத்தில் இருந்ததால் முன்சீட் பெஞ்சு மாதிரி ஒரே நீட்டு. நாலு பேர்தான் ஏற்றலாம் என்று விதி. ஆறு பேர் ஏறிவிட்டு "பச்சா ஹை பாய், பச்சா ஹை" என்று கெஞ்சுவோம். அந்த பச்சாவுக்கு மீசை முளைத்திருக்கும். இடது பக்கம் பானெட்டுக்கு வெளியே பொருத்திய மீட்டரின் கைப்பிடியை எட்டித் திருப்புகிற 'டிங்' சத்தம் இப்போதும் காதில் இருக்கிறது.

இதெல்லாம் உண்மை. மறுக்கவில்லை. ஆனால் கவனியுங்கள், இந்த ஞாபகம் முழுக்க நாம் பின்சீட்டில்தான் இருக்கிறோம். வண்டி நம்முடையது இல்லை. நம்மில் எத்தனை பேர் வீட்டில் பத்மினி சொந்தமாக இருந்தது? மாதுங்காவில் டாக்டர், வக்கீல், ஹோட்டல் முதலாளி வீட்டில் இருந்திருக்கும். காமராஜ் நகரிலும் அசல்பாவிலும் சால்களில் இருந்தவர்கள், பாண்டுப்பிலும் முலுண்டிலும் ஒரு ரூம் கிச்சனில் குமாஸ்தாவாக, ஃபிட்டராக, ஸ்டெனோவாக இருந்தவர்கள் வீட்டில்? பணம் சேர்த்தவனுக்கும் வண்டி கிடையாது. முன்பணம் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். வண்டி கைக்கு வந்த அன்றைக்கே கூடுதல் விலை வைத்து விற்றவர்கள் உண்டு. பழைய வண்டி புது வண்டியை விட அதிக விலைக்குப் போன விநோதத்தை இன்றைய பிள்ளைகளிடம் சொன்னால் சிரிக்கிறார்கள்.

நாட்டில் கார் செய்ய அனுமதி பெற்றவை விரல் விட்டு எண்ணக்கூடிய கம்பெனிகள். கல்கத்தா பக்கம் உத்தரபாராவில் அம்பாசடர், குர்லாவில் பியட், நம்ம சென்னையில் ஸ்டாண்டர்டு. யாருக்கும் போட்டி கிடையாது, யாரும் எதையும் மாற்ற வேண்டிய அவசியம் கிடையாது. இன்றைக்கு நாம் 'மாறாத அழகு' என்று உருகுகிறோமே, அது அழகுக்காக மாறாமல் இருந்ததில்லை. மாற்றாவிட்டாலும் விற்கும் என்பதற்காக மாறாமல் இருந்தது.

1983 டிசம்பர் 14-ம் தேதி இந்திரா காந்தி கையால் முதல் மாருதி 800-ன் சாவி கொடுக்கப்பட்டது. விலை ஐம்பதாயிரம் ரூபாயை ஒட்டி. பதிவு ஆரம்பித்ததும் ஒரு லட்சத்துக்கு மேல் ஆட்கள் பணம் கட்டினார்கள். மாருதி ஒன்றும் சுத்த சுயம்பிரகாசம் இல்லை, தெரியும். சஞ்சய் காந்தியின் பழைய மாருதிக் கம்பெனி 1970-களில் செய்த கூத்துக்கு விசாரணைக் கமிஷனே உட்கார்ந்தது. அரசாங்கச் செல்லப்பிள்ளை என்பதால் புது மாருதிக்குக் கிடைத்த வசதிகள் குர்லாவுக்குக் கிடைக்கவில்லை என்பதும் உண்மை. ஆனால் நடந்தது என்ன? 30 வருஷத்தில் 25 லட்சத்துக்கும் மேல் 800 வெளியே வந்தது. அதில் முதல் கை போக, ரெண்டாம் கை, மூணாம் கை. 1990-களின் கடைசியில் புது வண்டி ரெண்டு லட்சத்தை ஒட்டி, பழசு அதில் பாதிக்கும் கீழே. பேங்க் லோன் வந்தது. பி.எஃப்.பில் கொஞ்சம், தங்கமணியின் வளையலில் கொஞ்சம். நம்ம சாதி சனத்தில், சொந்தக்காரர் வட்டாரத்தில், முதல் காரின் சாவியை வாங்கி மாதுங்கா பிள்ளையார் முன்னால் வைத்த குடும்பங்களைக் கேட்டுப் பாருங்கள். பத்துக்கு ஏழு 800 இல்லையென்றால் நான் பதிவு எழுதுவதை விட்டுவிடுகிறேன்.

என் வண்டி 1999 மாடல். 2004-ல் செகண்ட்ஹாண்டாக வாங்கினேன். வெள்ளை. வேறென்ன நிறம் இருக்க முடியும்!

அண்ணாச்சியின் இரும்பு வாதத்துக்கு வருவோம். "பியட்டை முட்டினா முட்டினவன்தான் போவான்" என்பார்கள். இது முட்டியவனைப் பற்றிய பெருமையா, உள்ளே இருப்பவனைப் பற்றிய அக்கறையா? தகடு கனமாக இருந்து மடங்காவிட்டால் அடி எங்கே போகும்? உள்ளே இருக்கிற ஆளுக்குப் போகும். புதுக் கார்களில் முன்பக்கம் அப்பளமாக நொறுங்குவது வேண்டுமென்றே செய்தது. வண்டி நொறுங்கி அடியை வாங்கிக்கொண்டால் ஆள் தப்பிப்பான். 1953-ல் வரைந்த வண்டியில் அந்த யோசனையை எதிர்பார்க்க முடியாது. 800 பாதுகாப்பான வண்டி என்று நான் சொல்லவில்லை. காற்றுப்பை இரண்டிலும் இல்லை, இன்றைய மோதல் சோதனையில் இரண்டும் தேறாது. ஆனால் ஒன்று தகர டப்பா, இன்னொன்று கோட்டை என்று பேசுவது மட்டும் வேண்டாம்.

அடுத்த வாதம், பியட்டை எந்த மூலையிலும் ரிப்பேர் பண்ணலாம். பண்ணலாம்தான். குர்லா சி.எஸ்.டி. ரோட்டில் போய் நின்றால் பழைய வண்டியின் எந்த உறுப்பும் கிடைக்கும், ஒரு முழுக் காரையே துண்டு துண்டாக வாங்கிப் பூட்டிவிடலாம். ஆனால் எந்த மூலையிலும் ரிப்பேர் பண்ண ஆள் இருந்ததற்குக் காரணம், அது எந்த மூலையிலும் நின்றுபோனதுதான். மே மாதம் சயன் சிக்னலில் பானெட்டைத் திறந்து வைத்து ஆவி பறக்க நின்ற டாக்சிகளை மறந்துவிட்டீர்களா? டிரைவர் காலடியில் எப்போதும் ஒரு தண்ணீர் பாட்டில் இருக்குமே, அது அவர் குடிக்கவென்றா நினைத்தீர்கள்?

ஓட்டியவரைப் பற்றியும் ஒரு வார்த்தை. பின்சீட்டில் இருந்து பார்த்தால் அது அழகான வண்டி. முன்சீட்டில் 12 மணி நேரம் உட்கார்ந்து, பவர் ஸ்டியரிங் இல்லாமல், ஏ.சி. இல்லாமல், என்ஜின் சூடு காலில் அடிக்க, கிளட்ச்சை நாளைக்கு ஆயிரம் தடவை மிதித்த மனிதரைக் கேட்டால் வேறு கதை சொல்வார். அதற்குப் பிறகு வந்த வேகன்-ஆருக்கும் சான்ட்ரோவுக்கும் மாறிய டிரைவர்கள் யாரும் பத்மினி திரும்ப வேண்டும் என்று கேட்டு எனக்குத் தெரிந்து மோர்ச்சா போகவில்லை. அழுததெல்லாம் பயணிகள்தான்.

எனக்கு மிக முக்கியமான விஷயம் இது. நம்ம வீட்டுப் பெண்கள் கைக்கு ஸ்டியரிங் வந்தது 800-ல்தான். பத்மினியின் ஸ்டியரிங்கை நின்ற இடத்தில் திருப்ப தோள்பலம் வேண்டும். கம்பத்தில் இருக்கிற கியருக்குத் தனிச் சூட்சுமம் வேண்டும், முதல் கியர் போட்டால் சில சமயம் மூணாவது விழும். 800 விரல் நுனிக்குத் திரும்பியது. டிரைவிங் ஸ்கூல்கள் எல்லாம் அதற்கு மாறின, இங்கேயும் சரி, ஊரில் பாளையங்கோட்டையிலும் சரி. எங்கள் தங்கமணி பந்த் நகரில் 'எல்' போர்டு மாட்டிய 800-ல் ஒரு மாசம் படித்தார். கற்றுக்கொடுத்தவர் மராத்தியில் திட்டினார், இவர் தமிழில் பதில் சொன்னார், வண்டி ரெண்டையும் புரிந்துகொண்டு நகர்ந்தது. அதற்குப் பிறகு மாமியாரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனது, மழையில் மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து அழைத்து வந்தது, மாதுங்காவுக்குப் போய் வாழைப்பூவும் கறிவேப்பிலையும் வாங்கி வந்தது எல்லாம் அவர்தான். நான் ஆபீஸில் இருந்தேன். பத்மினி காலத்தில் இந்த ஒவ்வொரு காரியத்துக்கும் ஓர் ஆம்பிளை வீட்டுக்கு வந்து சேரும் வரை காத்திருந்தார்கள் நம் அம்மாக்களும் அத்தைகளும். பழைய காருக்கு உருகிப் பதிவு போடுகிற ஆண்கள் யாரும் இதை ஒரு வரிகூட எழுதுவதில்லை.

"மாருதி வந்துதானே குர்லா தொழிற்சாலையைக் கொன்றது, எத்தனை ஆயிரம் தொழிலாளி வயிற்றில் அடித்தது?" என்று ஒரு தோழர் கேட்டார். நியாயமான கேள்வி. இந்த ஒப்பாரியில் நான் மதிப்பது இந்த ஒன்றைத்தான். காட்கோபர் பந்த் நகரில் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்து, தொழிற்சங்கத் தலைவரானவர் டாக்டர் தத்தா சாமந்த். 1982 மில் வேலைநிறுத்தத்தை நடத்தியவர். பிரீமியர் தொழிலாளர்களையும் வழிநடத்தினார். 1997 ஜனவரி 16-ம் தேதி பவாயில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். எல்.பி.எஸ். மார்க் நெடுக அன்றைக்கு இருந்த தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக மாலாகவும் மாடியாகவும் ஆன கதையில் பிரீமியரும் ஒன்று. அழுவதானால் இதற்கு அழலாம். ஆனால் பத்மினி படம் போட்டு இதயம் போடுகிறவர்கள் அந்தத் தொழிலாளியைப் பற்றி எங்கே பேசுகிறார்கள்? அவர்களுக்கு வேண்டியது மஞ்சள் கூரையும் கறுப்பு உடம்பும், பின்னால் மெரைன் டிரைவ் சூரிய அஸ்தமனமும். மேலும், அந்த வேலைகளைக் கொன்றது குர்கானிலிருந்து வந்த சின்னக் காரா, முப்பது வருஷம் ஒரே காரை விற்றுவிட்டுப் போட்டி வந்ததும் தடுமாறிய நிர்வாகங்களா? என் ஓட்டு இரண்டாவதுக்கு. மாருதியும் கடைசியில் அதே தப்பைச் செய்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2010-ல் புது புகை விதி வந்தபோது 800-ஐத் திருத்தாமல், மும்பை உட்பட 13 நகரங்களில் விற்பதையே விட்டுவிட்டார்கள். மற்ற ஊர்களில் நாலு வருஷம் இழுத்துவிட்டு 2014-ல் மூடினார்கள்.

சரி, செத்த காருக்கு யார் அழுதால் என்ன, அழாவிட்டால் என்ன, இதற்கு ஏன் இவ்வளவு பெரிய சண்டை? காரணம் இருக்கிறது. 2021 ஜூலையில் மத்திய அரசு பழங்கால வாகனங்களுக்கு என்று தனி விதி கொண்டுவந்தது. 50 வயது தாண்டி, அசல் உருவில் இருக்கிற வண்டியை வின்டேஜ் என்று பதியலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 வருஷம் செல்லும். அடுத்த பதிவுக்கு வெறும் 5,000. தினசரி ஓட்டக்கூடாது, கண்காட்சி, பேரணி மாதிரி காரியத்துக்கு ஓட்டலாம். நல்ல விதிதான். யாருக்கு நல்லது? 50 வருஷம் ஒரு வண்டியைக் கொட்டகையில் வைத்துக் காப்பாற்ற வசதி இருக்கிறவனுக்கு. மகாராஜா வீட்டு ரோல்ஸ் ராய்ஸ், சேட்டு வீட்டு டாட்ஜ், இப்போது முதல் பத்மினிகளும் 50-ஐத் தொட்டு அந்தப் பந்தியில் உட்கார ஆரம்பித்துவிட்டன.

50-க்குக் கீழே இருக்கிறவன் கதி? என் வண்டிக் கணக்கையே சொல்கிறேன். 2019-ல் ஆர்.சி. புதுப்பிக்க 600 ரூபாய். 2022 ஏப்ரலில் கட்டணம் மாறியது, 2024-ல் 5,000 கட்டினேன். 2025 ஆகஸ்டில் மறுபடி மாற்றி, 20 வயது தாண்டிய காருக்கு 10,000 ஆக்கிவிட்டார்கள். அது போக மகாராஷ்டிர அரசின் பசுமை வரி தனி, தகுதிச் சோதனை தனி. எங்கள் கல்லி முனையில் பங்கார்வாலா என் வண்டிக்குக் கொடுக்கத் தயாராக இருப்பது இருபதாயிரம். ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை வண்டி விலையில் பாதியைக் கட்டணமாக அழுது, 2049 வரை காத்திருந்தால், அரசாங்கம் என் வண்டியைப் 'பாரம்பரியம்' என்று ஒத்துக்கொள்ளும். எந்தக் குமாஸ்தா காத்திருப்பான்? எந்த சொசைட்டி விடும்? எங்கள் சொசைட்டி நிர்வாகிகள் இரண்டு தடவை நோட்டீஸ் ஒட்டினார்கள், 'பழைய வாகனங்களை அகற்றவும்' என்று. மொத்தம் இருந்த பழைய வாகனம் என்னுடையது ஒன்றுதான், பெயரைப் போட்டே ஒட்டியிருக்கலாம்.

புகைக்காகத்தானே கட்டணம் என்பார்கள். புகையை அளக்க பி.யு.சி. இருக்கிறது. அதில் தேறாத வண்டியை நிறுத்துங்கள், நானே கொண்டுவந்து விடுகிறேன். தேறிய வண்டியை வயதுக்காகத் தண்டிப்பது எந்த ஊர் நியாயம்? மாதம் 150 கிலோமீட்டர் ஓடுகிற 650 கிலோ வண்டியை ஒழித்துவிட்டு, தினம் ஒற்றை ஆளைச் சுமந்துகொண்டு ஓடுகிற 1,700 கிலோ எஸ்.யு.வி.யை வாங்கச் சொல்வதற்குப் பெயர் பசுமையாம்.

வெளியூரைப் பாருங்கள். ஜெர்மனியில் 30 வயதான, நல்ல நிலையில் இருக்கிற வண்டிக்கு 'எச்' எழுத்துப் போட்ட தனி நம்பர் பலகை, வரிச் சலுகை. பிரிட்டனில் 40 வயதானால் சாலை வரியே கிடையாது. பழைய வாகனங்களுக்கான உலகச் சம்மேளனம் ஃபீவா வைத்திருக்கும் எல்லையும் 30 தான். அந்த 30-ஐ நாம் எடுத்திருந்தால் முதல் 800-கள் 2013-லேயே பந்திக்கு வந்திருக்கும். பத்மினி டாக்சிகளில் நாலைந்தையாவது டிரைவர்களே வைத்துக்கொண்டிருக்க முடியும், அண்ணாச்சிக்கும் சந்தோஷம்.

சின்னக் காரைப் பெரிய மனிதர்கள் மதிப்பதில்லை என்றும் இல்லை. இத்தாலியின் குட்டி பியட் 500-ஐ நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் 2017-ல் தன் சேகரிப்பில் சேர்த்தது. சாமானியன் குடும்பத்தோடு போக வந்த வண்டி, அதனாலேயே அதற்கு அந்த இடம். நம்மூரில் என்ன செய்தோம்? இந்திரா காந்தி சாவி கொடுத்த அந்த முதல் 800, டெல்லியில் ஹர்பால் சிங் என்பவருடையது. அவர் கடைசி வரை அதை வைத்திருந்தார். 2010-ல் அவர் காலமான பிறகு வருஷக்கணக்கில் வீட்டு வாசலில் துருப்பிடித்துக் கிடந்தது. இணையத்தில் படம் பரவி நாலு பேர் சத்தம் போட்ட பிறகுதான் அதைச் சரிசெய்து கம்பெனித் தலைமையகத்தில் நிறுத்தினார்கள். நாட்டின் முதல் 800-க்கே இந்த மரியாதை என்றால் அசல்பாவில் நிற்கிற 800-க்கு என்ன கிடைக்கும்?

ஆகவே, வீட்டில் 800 வைத்திருக்கும் மக்களுக்கு மட்டும் சில வார்த்தை. 'எக்ஸ்சேஞ்ச் ஆஃபர்' என்று ஷோரூம்காரன் இனிக்க இனிக்கப் பேசுவான், அவசரப்படாதீர்கள். முதல் இன்வாய்ஸ், பழைய ஆர்.சி. புத்தகம், சர்வீஸ் சீட்டுகள் இருந்தால் ஒரு உறையில் போட்டு வையுங்கள். சேசிஸ், பாடி, என்ஜின் மூன்றையும் மாற்றாதீர்கள். இன்றைய வின்டேஜ் விதி அசல் உருவத்தைக் கேட்கிறது, நாளைக்கு வயது வரம்பு குறைந்தாலும் இது மாறாது. பையன் கேட்கிறான் என்று கூரையை வெட்டுவது, பெரிய டயர் போடுவது எல்லாம் வேண்டாம். மழைக்கு முன்னால் காலடி ரப்பர் விரிப்பைத் தூக்கிப் பாருங்கள், 800-ல் துரு அங்கேதான் ஆரம்பிக்கும், மேலே பளபளவென்றிருக்கும்போதே கீழே ஓட்டை விழுந்திருக்கும். சி.எஸ்.டி. ரோட்டுக்குப் போனால் 800-ன் ஹெட்லைட், கதவுக் கைப்பிடி, பம்பர் கிடைக்கும்போதே ஒரு ஜோடி வாங்கிப் பரணில் போடுங்கள். இப்போதைக்குச் சல்லிசாக இருக்கிறது. பத்மினி விளக்குக்கு இன்றைக்கு அதே கடையில் என்ன விலை சொல்கிறார்கள் என்று விசாரித்துவிட்டு வந்து அண்ணாச்சி எனக்குச் சொல்லட்டும்.